வெட்டப்படாத கூப்பன்: பிரித்தானியச் சிறுவர் காமிக்ஸ் இதழ்களின் விளையாட்டுப் பொருள் விளம்பரங்களும் நினைவேக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

20 ஆம் நூற்றாண்டின் பிரித்தானியச் சிறுவர் காமிக்ஸ் வார இதழ்கள் இன்று சேகரிப்புப் பொருள்களாகவும் மறுபதிப்பு நூல்களாகவும் மீண்டும் வலம்வருகின்றன. இவ்விதழ்களைப் பற்றிய நினைவுகளில் கதைமாந்தருக்கு நிகரான இடம் அவற்றில் வெளிவந்த விளையாட்டுப் பொருள் விளம்பரங்களுக்கும் உண்டு. எனினும் மறுபதிப்புகள் விளம்பரப் பக்கங்களைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. அவ்விளம்பரங்கள் இயங்கிய முறை, அவற்றுக்கும் சிறுவர் கைக்காசுக்கும் இருந்த தொடர்பு, கதைக்கும் விற்பனைக்கும் இடையிலான எல்லை மாறிய விதம், நினைவேக்கம் அவற்றில் எதைப் பேணி எதை மறக்கிறது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. நீக்கப்படும் விளம்பரமே இதழை அதன் காலத்தோடும் இடத்தோடும் பிணைக்கும் வலுவான சான்று என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: பிரித்தானியக் காமிக்ஸ், விளம்பரம், விளையாட்டுப் பொருள், நினைவேக்கம், சிறார் நுகர்வு, மறுபதிப்பு, ஆவணக்காப்பு.

முன்னுரை

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இயங்கிய டி.சி. தாம்சன் நிறுவனம் 1937 டிசம்பர் 4 அன்று ‘டேண்டி’ என்னும் சிறுவர் வார இதழைத் தொடங்கியது. விலை 2 பென்ஸ். முதல் இதழோடு ‘எக்ஸ்பிரஸ் விசிலர்’ என்னும் சிறிய ஊதல் இலவசமாகத் தரப்பட்டது. 2004 இல் அம்முதல் இதழின் பிரதி ஒன்று அவ்வூதலுடன் ஏலத்திற்கு வந்தபோது 20,350 பவுண்டுக்கு விலைபோனது. அதே ஆண்டில் ‘பீனோ’ முதல் இதழின் பிரதி ஒன்று 12,100 பவுண்டு பெற்றது.

ஓர் இதழின் மதிப்பை அதனோடு வந்த மலிவான ஊதல் உயர்த்துவது முதல் நோக்கில் விந்தையாகத் தோன்றலாம். காரணம் எளியது. இதழைச் சிலர் பத்திரப்படுத்தினர். ஊதலைக் குழந்தைகள் ஊதித் தீர்த்தனர். பயன்படுத்தப்படுவதற்கென்றே தரப்பட்ட பொருள் பயன்பட்டு அழிந்தது. பயன்படாமல் எஞ்சியதே அரும்பொருளாயிற்று. இலவசப் பொருளுக்குப் பொருந்தும் இவ்விதி இதழின் விளம்பரப் பக்கத்திற்கும் பொருந்தும். ஆயினும் காமிக்ஸ் வரலாற்றாய்வு பெரிதும் கதை, ஓவியர், பதிப்பாளர் என்னும் மூன்றையே மையமாகக் கொண்டுள்ளது. விளம்பரம் ஓரத்திலேயே நிற்கிறது. அந்த ஓரத்தை மையத்திற்குக் கொணர்ந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழ்களின் வளர்ச்சி

ஆல்பிரட் ஹாம்ஸ்வொர்த் 1890 இல் தொடங்கிய ‘காமிக் கட்ஸ்’ அரைப் பென்னிக்கு விற்கப்பட்டு மலிவு விலைப் படக்கதை இதழ்களுக்கு வழி திறந்தது. ‘டேண்டி’யைத் தொடர்ந்து 1938 ஜூலை 30 அன்று ‘பீனோ’ வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் இவ்வளர்ச்சியைத் தடுத்தது. தாள் கட்டுப்பாட்டின் காரணமாக 1941 முதல் 1949 வரை இவ்விரு இதழ்களும் வாரம் விட்டு வாரம் மாறி மாறி வெளிவந்தன. பழைய தாள் சேகரிக்கும் இயக்கத்தில் சிறுவர்கள் பங்கேற்க ஊக்குவிக்கப்பட்டனர். படித்து முடித்த காமிக்ஸும் அக்குவியலில் சேர்ந்தது. முப்பதுகளின் இதழ்கள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1950 ஏப்ரல் 14 அன்று ஹல்டன் நிறுவனம் வெளியிட்ட ‘ஈகிள்’ ஒரு திருப்புமுனை. ஆங்கிலிக்கன் மதகுருவான மார்கஸ் மாரிஸ் அதன் ஆசிரியர். ஃபிராங்க் ஹாம்ப்சன் வரைந்த ‘டேன் டேர்’ என்னும் விண்வெளி வீரனின் கதை அதன் முகப்பை அணிசெய்தது. 3 பென்ஸ் விலையுள்ள முதல் இதழ் ஏறத்தாழ 9 இலட்சம் பிரதிகள் விற்றதாகக் குறிக்கப்படுகிறது. பெரிய தாளில் வண்ண அச்சில் வந்த அவ்விதழ், விளம்பரதாரருக்கும் அதுவரை கிட்டாத ஒரு தளத்தை அளித்தது. தொடர்ந்து ‘லயன்’ (1952), ‘டைகர்’ (1954), ‘வேலியண்ட்’ (1962) ஆகிய இதழ்கள் தோன்றின. சிறுமியருக்கென ‘கேர்ள்’ (1951), ‘பண்ட்டி’ (1958) ஆகியவை வெளிவந்தன.

1955 செப்டம்பர் 22 அன்று பிரித்தானியாவில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. தொலைக்காட்சி விளம்பரம் எல்லா வீடுகளையும் எட்டுவதற்கு முன்பும், எட்டிய பின் சில காலமும், சிறுவனை நேரடியாக விளித்துப் பேசக்கூடிய விற்பனைக் களமாகக் காமிக்ஸ் விளங்கியது.

விளம்பரப் பக்கம் இயங்கிய முறை

இவ்விதழ்களின் விளம்பரங்களை இயங்குமுறை நோக்கி மூன்று வகைப்படுத்தலாம்.

முதல் வகை, பெரிய உற்பத்தியாளர்களின் விளம்பரங்கள். லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901 இல் காப்புரிமை பெற்ற உலோகக் கட்டுமானத் தொகுதி பின்னர் ‘மெக்கானோ’ எனப் பெயர் பெற்றது. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் அமைக்கலாம். இத்தொகுதிகள் எண் வரிசையில் விற்கப்பட்டன. ஒரு தொகுதியை அடுத்த எண்ணுக்கு உயர்த்தத் தனித் துணைத்தொகுதி உண்டு. ஆகவே எந்தத் தொகுதியும் முழுமையானதன்று. ஒவ்வொன்றும் அடுத்ததை நோக்கிய படி. விளம்பரப் படத்தில் காட்டப்படும் பெரும் பொறி உயர்ந்த எண்ணுக்குரியதாகவும், சிறுவன் கையில் இருப்பது தாழ்ந்த எண்ணாகவும் இருப்பது இயல்பு. அந்த இடைவெளியே விளம்பரத்தின் முதலீடு எனலாம். ஹார்ன்பி இரயில்கள் (1920), டிங்கி வார்ப்பு வண்டிகள் (1934) ஆகியவையும் அதே நிறுவனத்தின் ஆக்கங்கள்.

இரண்டாம் வகை, அஞ்சல்வழி வணிகரின் சிறு கட்ட விளம்பரங்கள். லண்டனின் எல்லிஸ்டன்ஸ் நிறுவனம் அரிப்புத்தூள், நாற்றக் குண்டு, பின்னால் வருவோரைக் காட்டும் கண்ணாடிக் கருவி முதலிய வேடிக்கைப் பொருள்களை நெருக்கமான எழுத்தில் பட்டியலிட்டது. அஞ்சல் ஆணையோ அஞ்சல் தலைகளோ அனுப்பிப் பொருளைப் பெறலாம். பெற்றோரின் கண்ணில் படாமல் சிறுவன் தானே நடத்தக்கூடிய வணிகம் இது.

மூன்றாம் வகை, அஞ்சல்தலை வணிகரின் ‘அப்ரூவல்’ முறை. பல நாட்டு அஞ்சல்தலைகள் அடங்கிய உறை இலவசம் என்று விளம்பரம் அறிவிக்கும். எழுதிக் கேட்டால் அவ்வுறையோடு விலை குறித்த தலைகள் ஒட்டிய சிற்றேடு ஒன்றும் வரும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு அவற்றுக்குரிய பணத்தையும் எஞ்சிய தலைகளையும் திருப்பி அனுப்பவேண்டும். பெற்றோரிடம் தெரிவிக்குமாறு கூறும் குறிப்பு இத்தகைய விளம்பரங்கள் பலவற்றின் அடியில் சிற்றெழுத்தில் இடம்பெறும். கடன், நாணயம், கெடு ஆகியவற்றைப் பத்து வயதுச் சிறுவன் முதன்முதலில் அறிந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

கைக்காசின் கணக்கு

1971 பிப்ரவரி 15 வரை பிரித்தானிய நாணயத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. சிறுவர் உலகின் கணக்கு பென்னியில் தொடங்கி ஷில்லிங்கில் முடிந்தது. விளம்பரத்தில் அச்சிட்ட விலையைக் கைக்காசோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அவ்விளம்பரத்தின் பொருளை உணர இயலாது.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952 இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலின் பிளாஸ்டிக் மாதிரித் தொகுதியை உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்கிற்கு விற்றது. பெட்டியைத் தவிர்த்து நெகிழிப் பையில் இட்டதால் விலை குறைந்தது. 2 ஷில்லிங் என்பது 24 பென்ஸ். ‘ஈகிள்’ இதழின் தொடக்க விலையோடு ஒப்பிட்டால் எட்டு இதழ்களின் விலை. இரண்டு மாத இதழைத் துறந்தால் ஒரு கப்பல் என்று சிறுவன் கணக்கிடக்கூடிய எல்லைக்குள் அது நின்றது. மெக்கானோவின் உயர்ந்த தொகுதிகளோ அத்தகைய கணக்கிற்குள் அடங்காதவை. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தந்தையின் வருவாய்க்கும் உரியவை. ஒரே இதழின் பக்கங்களில் இவ்விருவகைப் பொருள்களும் அடுத்தடுத்து அச்சாயின. சுரங்கத் தொழிலாளியின் மகனும் மருத்துவரின் மகனும் ஒரே பக்கத்தைப் புரட்டினர். இருவரும் ஒரே பொருளை வாங்கவில்லை. கதைப் பக்கம் மறைத்த வர்க்க வேறுபாட்டை விளம்பரப் பக்கம் விலையெழுதிக் காட்டியது.

கூப்பனும் கத்தரிக்கோலும்

விளம்பரங்கள் பலவற்றின் மூலையில் புள்ளிக்கோட்டால் சூழப்பட்ட கூப்பன் இருந்தது. பெயரும் முகவரியும் எழுதி வெட்டி அனுப்புவது முறை. தாளின் மறுபக்கத்தில் கதையின் கட்டங்கள் இருந்தால், கூப்பனை வெட்டுவோர் கதையின் ஒரு பகுதியை இழக்கநேரும். ‘பண்ட்டி’ இதழின் பின்னட்டையில் வெட்டி எடுத்து உடுத்தும் தாள்பொம்மையும் ஆடைகளும் வெளிவந்தன. இதழ் தன்னையே வெட்டச் சொல்லி வாசகியரை அழைத்தது.

இன்றைய சேகரிப்புச் சந்தையில் வெட்டப்படாத பிரதிக்கே மதிப்பு மிகுதி. கூப்பன் வெட்டப்பட்டது குறையாகக் குறிக்கப்படும். இதன் வரலாற்றுப் பொருள் கவனத்திற்குரியது. வெட்டப்பட்ட பிரதி, ஒரு குழந்தை விளம்பரத்தை நம்பி, காசு சேர்த்து, கடிதம் எழுதியதற்குச் சான்று. வெட்டப்படாத பிரதியோ அச்செயல் நிகழாமைக்குச் சான்று. சந்தை குறைபாடு எனக் கழிப்பதை ஆய்வு ஆவணம் எனக் கொள்ளவேண்டும். பேணப்பட்ட இதழ்களை மட்டும் கொண்டு வாசிப்பின் வரலாற்றை எழுதுவோர், உண்மையில் மிகக் குறைவாகக் கையாளப்பட்ட பிரதிகளின் வரலாற்றையே எழுதும் இடருக்கு உள்ளாவர்.

கதைக்கும் விற்பனைக்கும் இடையிலான எல்லை

முற்கால இதழ்களில் விளம்பரம் தூயதாகவும் தனித்தும் இருந்தது, பிற்காலத்திலேயே வணிகம் கதைக்குள் நுழைந்தது என்பது பழைய இதழ்களைப் போற்றுவோரிடம் காணப்படும் ஒரு கருத்து. சான்றுகள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. ‘ஈகிள்’ தொடங்கிய 1950 ஆம் ஆண்டிலேயே ‘டாமி வால்ஸ்’ என்னும் படக்கதை அதில் வெளிவந்தது. அது வால்ஸ் ஐஸ்கிரீம் நிறுவனத்தின் விளம்பரம். அதன் நாயகன் அந்நிறுவனத்தின் பெயரெழுத்தைக் கைகளால் குறியாகக் காட்டி இடர்களை வெல்வான். ‘டேன் டேர்’ பெயரிலும் கதிர்த்துப்பாக்கி முதலிய பல பொருள்கள் விற்பனைக்கு வந்தன.

எனினும் அளவிலும் தன்மையிலும் மாற்றம் நிகழ்ந்தது உண்மையே. 1965 இல் கோர்கி நிறுவனம் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் வண்டி, இருக்கையை மேலெறியும் விசையோடு திரைப்படக் காட்சியையே கையடக்கப் பொருளாக்கியது. 1966 இல் பாலிடாய் நிறுவனம் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவிடம் உரிமம் பெற்று ‘ஆக்‌ஷன் மேன்’ பொம்மையை அறிமுகப்படுத்தியது. 1983 இல் ‘பேட்டில்’ இதழ் பாலிடாயின் பொம்மை வரிசையைக் கதையாக்கித் தன் பெயரையும் ‘பேட்டில் ஆக்‌ஷன் ஃபோர்ஸ்’ என மாற்றிக்கொண்டது. 1984 இல் மார்வெல் நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவு ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இதழைத் தொடங்கியது. ‘டாமி வால்ஸ்’ இதழின் ஒரு பகுதியாக அடங்கியிருந்தது. 1983 க்குப் பின் பொம்மை இதழின் பெயரிலேயே ஏறியது. ஐம்பதுகளின் வாசகரும் எண்பதுகளின் வாசகரும் கொள்ளும் நினைவேக்கம் ஒன்றன்று. முன்னவர் கதையையும் விளம்பரத்தையும் வேறு வேறாக நினைவுகூரலாம். பின்னவர்க்கு அவை பிரிக்கவியலாதவை.

நினைவேக்கத்தின் இயல்பு

நினைவேக்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லை 1688 இல் யோகானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஒரு நோயின் பெயராகவே உருவாக்கினார். தாய்நாட்டைப் பிரிந்தோர் உற்ற துயரை அது சுட்டியது. இடத்தைக் குறித்த ஏக்கம் நாளடைவில் காலத்தைக் குறித்ததாயிற்று. ஸ்வெட்லானா பாய்ம் 2001 இல் வெளியிட்ட நூலில், இழந்ததை மீண்டும் கட்டியெழுப்ப முயலும் ஏக்கம் எனவும், இழப்பை உணர்ந்து அதனை எண்ணிப்பார்க்கும் ஏக்கம் எனவும் இதனை இருவகைப்படுத்தினார்.

தமிழ் மரபில் இவ்வுணர்வின் தொன்மையான பதிவுகளுள் ஒன்று புறநானூற்றின் 243 ஆம் பாடல். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. கோலூன்றிய முதியவர், மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும் ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை எடுத்துக் காட்டியதையும் எண்ணி இரங்குகிறார். அவர் இரங்குவது தாம் செய்தவற்றை எண்ணி. அவர்தம் விளையாட்டுப் பொருள் மணல்; அதற்கு விலையில்லை.

விளம்பரப் பக்கத்தைக் குறித்த ஏக்கம் இதனினும் வேறுபட்டது. விலைக்குரிய பொருளைப் படமாக மட்டுமே கண்ட சிறுவன், பெறாத ஒன்றை அறுபது வயதில் நினைவுகூர்கிறான். பெற்றிருந்தால் அப்பொருள் உடைந்திருக்கும். பெறாததால் அது படத்தில் இருந்தவாறே நினைவில் நிலைத்தது. இன்று ஏலத்தில் அதே டிங்கி வண்டியைப் பெட்டியோடு வாங்குவோர் மீட்பது பொருளை. அன்றைய விழைவை எவ்விலையும் மீட்டுத் தருவதில்லை. பாய்ம் கூறும் இருவகை ஏக்கமும் இவ்விடத்தில் ஒரே செயலில் கலந்துநிற்கின்றன.

நினைவேக்கம் மறப்பவை

நினைவேக்கம் தெரிந்தெடுத்தே நினைக்கிறது. அது தவிர்ப்பனவற்றுள் மூன்று இங்குச் சுட்டத்தக்கவை.

முதலாவது, இன இழிவு. ‘பீனோ’ முதல் இதழின் தலைப்புப் பகுதியில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தர்ப்பூசணி தின்னும் கேலி உருவமாகத் தீட்டப்பட்டிருந்தான். பேரரசு வாசகருக்கு ஊட்டிய பார்வை அது. 12,100 பவுண்டு பெற்ற முகப்பும் அதுவே.

இரண்டாவது, பால் வேறுபாடு. பொறியும் போரும் வேகமும் சிறுவர் இதழ்களில் விற்கப்பட்டன. சிறுமியர் இதழில் ஆடையும் அணியும் முன்நின்றன. மெக்கானோவை விரும்பிய சிறுமி அவ்விளம்பரத்தால் விளிக்கப்படவில்லை.

மூன்றாவது, உழைப்பு. லிவர்பூலின் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ ஆலையில் பெண் தொழிலாளர் பெருமளவில் பணியாற்றினர். 1979 நவம்பரில் ஆலை மூடப்பட்டபோது தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். ஏர்ஃபிக்ஸ் 1981 இலும், மேட்ச்பாக்ஸ் வண்டிகளை ஆக்கிய லெஸ்னி 1982 இலும், கோர்கியின் தாய் நிறுவனமான மெட்டாய் 1983 இலும் நிதி நெருக்கடியில் வீழ்ந்தன. பெயர்கள் பிறர் கைக்கு மாறின. பழைய ஆலைகளின் வேலைகள் மீளவில்லை. விளம்பரப் படத்தில் பெட்டியைத் திறக்கும் சிறுவன் இருப்பான். பெட்டியை நிரப்பிய பெண் இருக்கமாட்டாள். நினைவேக்கமும் அப்படத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மறுபதிப்பும் பெயர்ப்பும்

ரெபெல்லியன் நிறுவனம் 2016 இலும் 2018 இலும் ஃபிளீட்வே முதலிய பழைய பதிப்பகங்களின் காமிக்ஸ் உரிமைகளை வாங்கி மறுபதிப்புகளை வெளியிட்டுவருகிறது. பழைய ஓவியர்கள் மீண்டும் அறியப்படுவது பெரும்பயன். ஆயினும் மறுபதிப்பின் அலகு கதைத்தொடர், இதழ் அன்று. பல வாரங்களின் கதைக்கட்டங்கள் தொடுக்கப்பட்டு நூலாகும்போது, ஒவ்வொரு வாரமும் அவற்றைச் சூழ்ந்திருந்த விலைகளும் கூப்பன்களும் விடுபடுகின்றன.

இதனைத் தமிழ்ச் சூழலும் தெளிவாக்குகிறது. 1962 இல் ‘வேலியண்ட்’ இதழில் ஹீசஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தில் தொடங்கிய ‘ஸ்டீல் க்ளா’, 1972 இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாக ‘இரும்புக்கை மாயாவி’ ஆயிற்று. மின்னதிர்ச்சி பெற்றதும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் புலப்படும் அந்நாயகன் தமிழ் வாசகரிடம் ஆழ வேரூன்றினான். அவன் கதைகளின் மறுபதிப்பு இன்றும் வரவேற்கப்படுகிறது. அவனோடு ஏர்ஃபிக்ஸும் அஞ்சல்தலை வணிகரும் சிவகாசிக்கு வரவில்லை. தமிழ் வாசகரின் மாயாவி நினைவில் ஷில்லிங் விலைகள் இல்லை. கதை மொழிபெயர்ந்து கடல் கடக்கவல்லது. விளம்பரமோ தன் நாணயத்தையும் அஞ்சல் முகவரியையும் விட்டு நகரவியலாதது. பெயர்க்கவியலாத இவ்வியல்பே அதற்கு வரலாற்று மதிப்பைத் தருகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. பிரித்தானியச் சிறுவர் காமிக்ஸின் விளம்பரப் பக்கம், கதைப் பக்கம் மறைக்கும் வர்க்க வேறுபாட்டையும் சிறுவர் பொருளியலையும் வெளிப்படுத்தும் ஆவணமாகும்.

2. கூப்பன் வெட்டப்பட்ட பிரதியும் இலவசப் பொருள் தொலைந்த பிரதியும் சந்தைக்குக் குறையுடையன; வாசிப்பு வரலாற்றுக்கு நிறைவுடையன. நூலகங்கள் பிரதிகளைத் தெரிந்தெடுக்கையில் இதனைக் கருதவேண்டும்.

3. கதைக்கும் விற்பனைக்கும் இடையிலான எல்லை தொடக்கம் முதலே நெகிழ்ந்திருந்தது; எண்பதுகளில் அது இதழின் பெயரளவிலேயே அழிந்தது.

4. விளம்பரத்தைக் குறித்த நினைவேக்கம் பெரிதும் பெறாத பொருளைப் பற்றியது. இன இழிவு, பால் வேறுபாடு, ஆலை உழைப்பு ஆகியவை அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றன.

5. மின்னுருவாக்கத்திலும் மறுபதிப்பிலும் குறைந்தது ஓர் இதழேனும் விளம்பரம், விலை, கூப்பன் ஆகியவற்றோடு முழுமையாக வெளியிடப்படுதல் வேண்டும்.

சிவகாசியில் அச்சான தமிழ்க் காமிக்ஸ் இதழ்களும் தமக்கே உரிய விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் சந்தா வேண்டுகோள்களையும் கொண்டவை. அவையும் இன்று கதைகளாகவே மறுபதிப்புப் பெறுகின்றன. வாசகர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய பிரதிகள், வெட்டுண்டவையும் கிறுக்கப்பட்டவையும் உட்பட, உள்ளவாறே தொகுக்கப்படுமாயின், தமிழ்ச் சிறாரின் கைக்காசு வரலாற்றையும் எழுத இயலும்.